பிரிவினைக் கதைகள் படிக்க ஆரம்பிக்கறவங்களுக்கு: எங்க தொடங்கலாம், எதக் கவனிக்கலாம்

1947 பிரிவினைய பத்தின கதைகள படிக்கணும்னு ஆசை, ஆனா எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியலங்கறவங்களுக்காக இத எழுதறேன். பொதுவா என்ன ஆகுதுன்னா, யாரோ சொன்னாங்கன்னு ஒரு பெரிய நாவல எடுக்கறாங்க, அதுல வர்ற ஊர் பேரு கட்சி பேரு ஒண்ணும் பிடிபடாம அம்பது பக்கத்துல மூடி வச்சிடறாங்க. இல்லன்னா ஒரே வாரத்துல நாலஞ்சு கலவரக் கதைய வரிசையா படிச்சு, மனசு மரத்துப் போயி, இனிமே இந்தப் பக்கமே வேணாம்னு விட்டுடறாங்க. ரெண்டுமே எனக்கு வருத்தமா இருக்கு, ஏன்னா நம்ம துணைக்கண்டத்துல எழுதப்பட்ட ரொம்ப நல்ல கதைகள் பலது இங்கதான் கிடக்கு.

முக்கியமான விஷயத்த மொதல்லயே சொல்லிடறேன். வெட்டு குத்து நடக்கற பக்கத்த தேடிப் போகாதீங்க. அதுக்கு முந்தின நாள் அந்த ஊர் எப்படி இருந்துச்சு, எல்லாம் ஓய்ஞ்ச பிறகு மிஞ்சினவங்க எப்படி வாழ்ந்தாங்க, இந்த ரெண்டையும் பாருங்க. நல்ல எழுத்தாளருங்க உழைப்பக் கொட்டினது அங்கதான். கீழ நான் சொல்ற வரிசையும் அத வச்சு போட்டதுதான்.

தேதிகள ஒரு தாள்ல எழுதி வச்சுக்கங்க

வரலாற்றுப் புத்தகம் முழுசா படிச்சிட்டுதான் வரணும்னு இல்ல. ஒரு தாள் போதும். 1946 ஆகஸ்ட் 16 கல்கத்தா கலவரம், அதே வருஷம் அக்டோபர்ல நவகாளி, 1947 மார்ச்ல ராவல்பிண்டியும் அத சுத்தின கிராமங்களும், ஜூன் 3 பிரிவினைத் திட்டம் அறிவிப்பு, ஆகஸ்ட் 14, 15 ரெண்டு நாட்டுக்கும் சுதந்திரம், ஆகஸ்ட் 17 எல்லைக்கோடு வெளியீடு. இவ்வளவுதான்.

அந்தக் கடைசி தேதிய மட்டும் அடிக்கோடு போட்டுக்கங்க. கோடு போட்டவரு சிரில் ராட்கிளிஃப்னு ஒரு வக்கீல், அதுக்கு முன்னாடி இந்தியாவுக்கு வந்ததே இல்ல, ஜூலை 8 வந்து இறங்கி அஞ்சு வாரத்துல பஞ்சாப், வங்காளம் ரெண்டையும் பிரிச்சு முடிச்சுட்டாரு. ஆனா அது சுதந்திரம் வந்து ரெண்டு நாள் கழிச்சுதான் ஜனங்களுக்கு தெரிஞ்சுது. வங்காளத்துல முர்ஷிதாபாத் மாவட்டத்துல அந்த ரெண்டு மூணு நாள் பாகிஸ்தான் கொடி பறந்துச்சு, குல்னாவுல இந்தியக் கொடி பறந்துச்சு, அப்புறம் பாத்தா முர்ஷிதாபாத் இந்தியாவுக்கு, குல்னா பாகிஸ்தானுக்கு. இது தெரிஞ்சிருந்தா, கதையில ஒரு பெரியவர் நம்ம ஊரு எந்தப் பக்கம்னு திரும்பத் திரும்ப கேக்கும்போது அவர விவரமில்லாதவர்னு நினைக்க மாட்டீங்க, அன்னிக்கு கலெக்டருக்கே பல இடத்துல பதில் தெரியாது.

எண்ணிக்கையும் ஒண்ணு ரெண்டு தெரிஞ்சு வச்சுக்கங்க. வீடு வாசல விட்டுப் போனவங்க ஒண்ணேகால் கோடியில இருந்து ஒன்றரைக் கோடி வரைக்கும் இருக்கும்னு சொல்றாங்க. செத்தவங்கள பத்தி 2 லட்சத்துல இருந்து 20 லட்சம் வரைக்கும் ஆளுக்கொரு கணக்கு இருக்கு. கணக்கே இவ்வளவு தூரம் விலகி நிக்குதுன்னா செத்தவங்கள எண்ணி எழுதி வைக்கக்கூட ஆள் இல்லன்னுதான் அர்த்தம். அந்த எழுதப்படாத இடத்துலதான் கதை எழுதறவங்க வேலை ஆரம்பிக்குது.

கூடவே போன்ல ஒரு வரைபடத்த திறந்து லாகூர், அமிர்தசரஸ், ராவல்பிண்டி, டாக்கா, கல்கத்தா எங்க இருக்குன்னு ஒரு தடவ பாத்துடுங்க. லாகூருக்கும் அமிர்தசரஸுக்கும் நடுவுல எவ்வளவு கொஞ்ச தூரம்னு கண்ணால பாத்தாதான் பாதி கதைகளோட வலி புரியும்.

முதல் வாசிப்பு மண்டோ, அதுவும் குட்டிக் கதைகள்

சாதத் ஹசன் மண்டோ லூதியானா பக்கத்துல பிறந்தவரு, பம்பாய்ல சினிமாவுக்கு எழுதிட்டு இருந்தவரு, 1948 ஜனவரியில லாகூருக்குப் போனாரு, 1955-ல 42 வயசுல செத்துப் போயிட்டாரு. பிரிட்டிஷ் ஆட்சியில மூணு, பாகிஸ்தான்ல மூணுன்னு ஆபாசமா எழுதினார்னு அவர் மேல கேஸ் போட்டாங்க. தமிழ்லயும் நல்லாவே மொழிபெயர்ப்பு கிடைக்குது.

அவரோட 'சியா ஹாஷியே' தொகுப்புல இருந்து தொடங்குங்க. சிலது பத்து வரி, சிலது ரெண்டே வரி. ஒண்ண மட்டும் சொல்றேன். லாகூர்ல ஒரு கும்பல் சர் கங்கா ராம் சிலைய தாக்குது, கல்லெறியுது, தார் பூசுது, ஒருத்தன் பழைய செருப்பெல்லாம் கோத்து சிலை கழுத்துல மாலையா போட ஏறறான். போலீஸ் வந்து சுடுது. அவனுக்கு குண்டு படுது. உடனே தூக்கிட்டுப் போறாங்க, எங்கன்னா சர் கங்கா ராம் ஆஸ்பத்திரிக்கு. அவ்வளவுதான் கதை. கங்கா ராம் லாகூர்ல எத்தனையோ கட்டிடம் கட்டின இன்ஜினியர், அந்த ஆஸ்பத்திரியும் அவர் கட்டினதுதான், 1927-லயே இறந்துட்டாரு. மண்டோ எங்கயும் இது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லல பாருங்க, ஆஸ்பத்திரி பேர மட்டும் சொல்லிட்டு நகந்துடறாரு. அடிக்கறவன் அடிபடறவன் யார் எந்த மதம்னுகூட அவரு நிறைய இடத்துல சொல்றதில்ல. படிக்கற நாமதான் பேர தேடறோம், அப்படித் தேடறோம்னு நமக்கே தெரியற நிமிஷம் கொஞ்சம் உறுத்தும், அந்த உறுத்தல் தேவைதான், அத தாண்டிப் போயிடாதீங்க.

அடுத்து 'டோபா டேக் சிங்'. கைதிகள மாத்திக்கிட்ட மாதிரியே மனநோயாளிகளையும் மாத்திக்கலாம்னு ரெண்டு அரசாங்கமும் முடிவு பண்ணுது, லாகூர் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில இருக்கறவங்களுக்கு நாம இப்ப எந்த நாட்டுல இருக்கோம்னு புரிய மாட்டேங்குது. ஒருத்தன் மரத்துல ஏறிக்கிட்டு எனக்கு இந்தியாவும் வேணாம் பாகிஸ்தானும் வேணாம் இந்த மரத்துலயே இருந்துக்கறேங்கறான். பிஷன் சிங்னு ஒருத்தர், பதினஞ்சு வருஷமா உக்காராம நின்னுக்கிட்டே இருக்கறவரு, தன் ஊரு டோபா டேக் சிங் எங்க இருக்குன்னு மட்டும் கேட்டுக்கிட்டே இருக்காரு. முடிவ நான் சொல்லல. மண்டோவே குடிய விடறதுக்காக லாகூர்ல அந்த மாதிரி ஆஸ்பத்திரியில கொஞ்ச காலம் இருந்தவருங்கறத மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க.

மூணாவதா 'கோல் தோ'. சின்னக் கதைதான், ஆனா அதப் படிக்கற அன்னிக்கு வேற எதுவும் படிக்காதீங்க. கடைசி வரி என்னன்னு யார்கிட்டயும் முன்னாடியே கேட்டுக்காதீங்க.

ஒரு நாவல்: ரயில் ஊரா, பன்னி ஊரா

சிறுகதை முடிஞ்சதும் நாவல். புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு நல்ல வாசல் இருக்கு, ரெண்டுல ஒண்ணு எடுத்தா போதும்.

குஷ்வந்த் சிங்கோட 'ட்ரெயின் டு பாகிஸ்தான்', 1956-ல வந்தது. சட்லெஜ் ஆத்தங்கரையில மனோ மஜ்ரான்னு ஒரு கற்பனை கிராமம், அந்த ஊர்ல கடிகாரமே ரயில்தான். விடியக்காலைல மெயில் போற சத்தம் கேட்டா முல்லா எந்திரிச்சு தொழுகைக்கு கூப்பிடுவாரு, அதக் கேட்டு சீக்கியர் கோயிலான குருத்வாராவோட பூசாரி பாய்ஜி எந்திரிப்பாரு, ராத்திரி சரக்கு ரயில் போனா ஊரு தூங்கும். அப்புறம் ரயில் நேரம் தப்ப ஆரம்பிக்குது. ஒரு நாள் ஒரு ரயில் வந்து ஸ்டேஷன்ல நிக்குது, ஆள் இறங்கற சத்தமே இல்ல, ஊர்க்காரங்கள கிட்ட விட மாட்டேங்கறாங்க. அதிகாரிங்க வந்து வீட்டுக்கு வீடு விறகும் மண்ணெண்ணெயும் இருந்தா குடுங்கங்கறாங்க. சாயங்காலம் காத்துல ஒரு வாடை வருது. ரயிலுக்குள்ள என்னன்னு எழுத்தாளர் நம்மள அப்பவே கூட்டிட்டுப் போய் காட்டல, விறகையும் வாடையையும் வச்சே ஊருக்கும் நமக்கும் புரிய வச்சிடறாரு. இந்த இடத்த ரெண்டு தடவ படிங்க, எழுதற ஆசை உள்ளவங்க மூணாவது தடவையும் படிங்க.

இன்னொன்னு பீஷ்ம சாஹ்னியோட 'தமஸ்'. நத்துன்னு ஒரு ஏழை, தோல் பதனிடறவன், யாரோ கேட்டாங்கன்னு ராத்திரி முழுக்க ஒரு பன்னியோட போராடி அத கொல்றான். எதுக்குன்னு அவனுக்குத் தெரியாது. விடிஞ்சா மசூதிப் படியில ஒரு பன்னி கிடக்குது. அந்த முதல் அத்தியாயத்த அவ்வளவு நீளமா, வியர்வையும் புழுக்கமுமா எழுதியிருக்காரு, சில பேருக்கு இது எதுக்கு இவ்வளவுன்னு தோணும், தயவுசெஞ்சு தாண்டாதீங்க. ஒரு ஊரு எரியறதுக்கு முந்தின ராத்திரி அதுதான். நாவல் முடியற இடத்துலயும் கவனமா இருங்க, நிவாரண ஆபீஸ்ல கணக்கு எழுதற பாபு ஒருத்தர் வருவாரு, ஜனங்க கதை கதையா சொல்லி அழுவாங்க, அவரு எனக்கு எண்ணிக்கை மட்டும் போதும்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. சாஹ்னி ராவல்பிண்டிக்காரரு, நிவாரண வேலை பாத்தவரு, அதனாலதான் அந்த ஆபீஸ் அவ்வளவு உண்மையா இருக்கு. டிவியில கோவிந்த் நிஹலானி எடுத்தது 1988-ல தூர்தர்ஷன்ல வந்துச்சு, தடை பண்ணணும்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க, கோர்ட் ஒத்துக்கல.

என்கிட்ட கேட்டா தமஸ்தான் பெரிய நாவல், ஆனா முதல்ல கையில எடுக்க குஷ்வந்த் சிங் சுலபம்.

வீட்டுக்குத் திரும்பி வந்த பொண்ணுங்க

இந்தப் படிய தயவுசெஞ்சு விட்டுடாதீங்க, பிரிவினைக் கதைகள்லயே கனமான பகுதி இதுதான்னு நான் நினைக்கறேன்.

ரெண்டு பக்கமும் சேத்து 75,000 பொண்ணுங்க கடத்தப்பட்டாங்கன்னு பரவலா சொல்ற கணக்கு. 1947 டிசம்பர்ல ரெண்டு நாடும் சேந்து இவங்கள மீட்டு அவங்கவங்க குடும்பத்துக்கு அனுப்பணும்னு ஒப்பந்தம் போட்டாங்க, 1949-ல இந்தியாவுல அதுக்குன்னு சட்டமே வந்துச்சு. நல்ல எண்ணத்துல செஞ்ச வேலைதான், ஆனா அந்தப் பொண்ணு போக விரும்பறாளா இல்லையாங்கறது அந்தச் சட்டத்துல கணக்கே இல்ல. சில பேரு அங்கயே குழந்தை பெத்து ஒரு மாதிரி வாழ்க்கைய ஒட்ட வச்சுக்கிட்டு இருந்தாங்க, அவங்களையும் கூட்டிட்டு வந்தாங்க. சில பேர சொந்த வீடே உள்ள விடல.

இத தெரிஞ்சுக்கிட்டு ராஜிந்தர் சிங் பேடியோட 'லாஜ்வந்தி' படிங்க. சுந்தர்லால்னு ஒருத்தன், பிரிவினைக்கு முன்னாடி பொண்டாட்டிய அடிச்சவன், அவ காணாமப் போனப்புறம் திரும்பி வர்ற பொண்ணுங்களுக்கு மனசுல இடம் குடுங்கன்னு ஊர்வலம் போறான், பாட்டு பாடறான், உண்மையாவே பாடறான். ஒரு நாள் அவன் பொண்டாட்டி லாஜோவே திரும்பி வந்துடறா. அவன் அவள ஏத்துக்கறான், தேவின்னு கூப்பிடறான், கை ஓங்கறதே இல்ல. ஆனா அவ நடந்தத சொல்ல வாயெடுத்தா, வேணாம் விடு, பழச மறந்துடுன்னு நிறுத்திடறான். இந்தக் கதையில வெட்டு குத்து நடக்கற காட்சியே கிடையாது. படிக்கும்போது லாஜோ பேச வந்து நிறுத்தற இடத்துலயெல்லாம் ஓரத்துல ஒரு புள்ளி வச்சுட்டே வாங்க, கதையோட முதுகெலும்பு அதுதான்.

அப்புறம் அம்ரிதா ப்ரீதமோட 'பிஞ்சர்', 1950-ல வந்த சின்ன நாவல். இதுல கவனிக்க வேண்டியது, பூரோவ ரஷீத் கடத்தறது 1947-ல இல்ல, அதுக்குப் பல வருஷம் முன்னாடியே. ரெண்டு குடும்பத்து பழைய பகை. அவ தப்பிச்சு வீட்டுக்கு ஓடி வர்றா, அப்பா அம்மாவே வேணாம்னு அனுப்பிடறாங்க. அப்பறம்தான் பிரிவினை வருது. அதாவது எல்லாக் கொடுமையும் ஆகஸ்ட் மாசம் வானத்துல இருந்து குதிக்கல, வீட்டுக்குள்ள முன்னாடியே இருந்துச்சுன்னு 1950-லயே ஒரு பொண்ணு எழுதி வச்சுட்டாங்க.

வங்காளத்துக்கு நிதானமா வாங்க

பஞ்சாப்ல பெரும்பகுதி சில மாசத்துல நடந்து முடிஞ்சுது. வங்காளத்துல அப்படி இல்ல, 1947, 1950, 1964, 1971-ன்னு அலை அலையா ஜனங்க வந்துக்கிட்டே இருந்தாங்க. அதனால வங்காளக் கதைகள் மெதுவா நகரும், பஞ்சாப் கதை படிச்ச வேகத்துல போனா போரடிக்கற மாதிரி இருக்கும். வேகத்த நீங்கதான் குறைச்சுக்கணும்.

தமிழ் வாசகருக்கு இங்க ஒரு பெரிய அதிர்ஷ்டம், அதீன் பந்த்யோபாத்யாயவோட 'நீலகண்டப் பறவையைத் தேடி', சு. கிருஷ்ணமூர்த்தி மொழிபெயர்ப்புல நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கு. கிழக்கு வங்காள கிராமம், ஆறு, தர்பூசணிக் கொடி, அந்த வீட்டையே தன் வீடா நினைக்கற ஈசம் ஷேக், புத்தி பேதலிச்ச பெரியப்பா, சோனான்னு ஒரு சின்னப் பையன். நூறு பக்கத்துக்கு அரசியலே பெருசா வராது, தண்ணியும் செடியும் பறவையுமாவே போகும். குடும்பம் ஊர விட்டுக் கிளம்பும்போது பெரியப்பா எங்கயோ அலைஞ்சுக்கிட்டு இருக்காரு, வந்தா தெரியணும்னு சோனா மரத்துல செதுக்கி வைக்கறான், பெரியப்பா நாங்க ஹிந்துஸ்தான் போயிட்டோம்னு. முன்னாடி அந்தப் பக்கமெல்லாம் பொறுமையா படிச்சவங்களுக்குத்தான் இந்த இடம் நெஞ்ச அடைக்கும்.

இங்கிலீஷ் ஓடும்னா அமிதாவ் கோஷோட 'தி ஷேடோ லைன்ஸ்', 1988. டாக்காவுல பிறந்த பாட்டி பல வருஷம் கழிச்சு கல்கத்தாவுல இருந்து டாக்காவுக்கு விமானத்துல போகப் போறா, மேல இருந்து பாத்தா எல்லை தெரியுமான்னு கேக்கறா. ஸ்ரீநகர்ல 1963 டிசம்பர்ல ஹஸ்ரத்பால் மசூதியில இருந்த நபிகள் நாயகத்தோட புனித முடி காணாமப் போகுது, 1964 ஜனவரியில கலவரம் கல்கத்தாவுலயும் டாக்காவுலயும் வெடிக்குது, கோடு போட்டு பதினேழு வருஷம் ஆயும் ரெண்டு ஊரும் ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி மாதிரி இருக்கு. இது காலத்த முன்னும் பின்னும் கலைச்சுப் போட்ட நாவல், அதனால முதல் புத்தகமா எடுக்க வேணாம்.

தெக்க என்ன நடந்துச்சு

நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறவங்க அசோகமித்திரனோட 'பதினெட்டாவது அட்சக்கோடு' படிங்க. செகந்திராபாத், ரயில்வே குடியிருப்பு, கிரிக்கெட் ஆடற காலேஜ் பையன் சந்திரசேகரன், தமிழ்க் குடும்பம். ஹைதராபாத்த ஆண்ட நிஜாம் இந்தியாவோட சேர மாட்டேங்கறாரு, அவருக்கு ஆதரவா ஆயுதம் தூக்கின ரஜாக்கர்கள் வர்றாங்க, 1948 செப்டம்பர்ல இந்திய ராணுவம் உள்ள வருது. கத்தறதே கிடையாது அசோகமித்திரன். பக்கத்து வீட்டோட பேச்சுல ஒரு சின்ன மாத்தம், மைதானத்துல ஒரு முறைப்பு, இப்படித்தான் போகும். கடைசியில கலவர ராத்திரியில சந்துரு தெரியாம ஒரு வீட்டுக்குள்ள போயிடறான், அந்த வீட்டுப் பொண்ணு குடும்பத்தக் காப்பாத்த என்ன செய்ய வர்றாங்கறத பாத்து அவன் ஓடறான். அந்த ஒரு பக்கத்துல அதுவரைக்கும் பயந்துக்கிட்டு இருந்த பையன் இன்னொருத்தருக்கு பயம் காட்டற ஆளா தெரியறான், அவன் செஞ்சது ஒண்ணுமே இல்ல, அவன் எந்தக் கூட்டத்த சேந்தவன்கறது மட்டும் போதுமா இருக்கு. தமிழ்ல இதுக்கு ஈடா வேற ஒண்ணு எனக்குத் தோணல.

கல்கியோட 'அலை ஓசை'யும் இருக்கு, நாலாவது பாகம் 'பிரளயம்'ல பிரிவினைக் கலவரம் வருது. நடந்த சூட்டோட எழுதினது, தற்செயல்கள் அதிகம், ஆனா அன்னிக்கு தமிழ் வாசகருக்கு இது எப்படிப் போய்ச் சேந்துச்சுன்னு பாக்க உதவும்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் முன்னாடி ரெண்டு கேள்வி

எப்ப எழுதினது? மண்டோ, பேடி எல்லாம் புண்ணு ஆறாத காலத்துல எழுதினாங்க. சாஹ்னி தமஸ எழுத உக்காந்தது 1970-ல பம்பாய் பக்கத்துல பிவண்டியில நடந்த கலவரத்த நேர்ல போய் பாத்த பிறகு. கோஷ் எழுதினது 1984-ல டெல்லியில சீக்கியர்கள கொன்ன கலவரத்துக்குப் பிறகு. ஆக 1947-ன்னு நாம படிக்கற பல கதை அது எழுதப்பட்ட வருஷத்தப் பத்தியும்தான் பேசுது.

யாரு சொல்றாங்க? பாப்ஸி சித்வாவோட 'ஐஸ் கேண்டி மேன்' நாவல்ல சொல்றது போலியோ வந்த ஒரு பார்ஸி சின்னப் பொண்ணு, கிருஷண் சந்தரோட 'பெஷாவர் எக்ஸ்பிரஸ்'ல சொல்றது ரயிலே. ரெண்டு பேருமே சண்டை போடற எந்தக் கூட்டத்துலயும் இல்ல. எழுத்தாளர் ஏன் அப்படி ஒரு ஆளத் தேடிப் பிடிச்சாருன்னு யோசிங்க. அதுலயும் ரயில் கதை இந்தப் பக்கம் இவ்வளவு அந்தப் பக்கம் இவ்வளவுன்னு பிணத்த தராசுல வச்சு நிறுக்கற மாதிரி இருக்கும், எனக்கு அது அவ்வளவா ஒட்டல, கோவமும் துக்கமும் நிஜம்தான் ஆனா ஆளுங்க கண்ணுக்குத் தெரிய மாட்டேங்கறாங்க.

படம் பாக்கறதுன்னா ரெண்டு போதும். எம்.எஸ். சத்யுவோட 'கரம் ஹவா', ஆக்ராவுல இங்கயே இருந்துடலாம்னு முடிவு பண்ண முஸ்லிம் குடும்பம். கலவரம் எல்லாம் அடங்கின பிறகு பேங்க் கடன் தர மாட்டேங்குது, வாடகைக்கு வீடு கிடைக்க மாட்டேங்குது. வீட்டக் காலி பண்ணும்போது கிழவி விறகு அடுக்கற இடத்துல போய் ஒளிஞ்சுக்கறத மட்டும் பாத்தாலே போதும். இன்னொன்னு ரித்விக் கட்டக்கோட 'கோமல் காந்தார்', 1961, வங்காள எல்லையில ஓடற பத்மா ஆத்தங்கரையில ரயில் தண்டவாளம் முடியற இடத்துக்கு கேமரா பாய்ஞ்சு போய் முட்டி திரை கறுப்பாகும்.

வேகம் பத்தி ஒரு வார்த்தை. மாசத்துக்கு ஒரு புத்தகம், நடுவுல வேற ஏதாவது லேசா படிங்க. கூடவே நடந்தத அனுபவிச்சவங்க சொன்ன ஒரு புத்தகமும் வேணும், ஊர்வசி புட்டாலியாவோட 'தி அதர் சைட் ஆஃப் சைலன்ஸ்' 1998-ல வந்தது, ஜனங்க வாய்மொழியா சொன்னத உக்காந்து கேட்டு எழுதினது. லாஜ்வந்தி படிச்ச அதே வாரத்துல இதுல பொண்ணுங்க பேசற பகுதிய எடுத்துப் படிங்க, சுந்தர்லால் கேக்க மாட்டேன்னுட்ட பேச்சு அங்க இருக்கு.